முகவரி இல்லாமல் பிறந்த பட்டியல்

டெர்மினலைத் திறந்து ஓப்பன்எஸ்எஸ்எல் என்று தட்டி, பக்கத்தில் சிஆர்எல் என்ற துணைக்கட்டளையைச் சேர்த்து, ஏதாவது ஒரு சான்றிதழ் நிறுவனத்தின் ரத்துப் பட்டியலை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். திரையில் வந்து விழுவது சுவாரஸ்யமே இல்லாத சமாசாரம். தலைப்பில் வெளியிட்டவர் பெயர். கீழே இரண்டு தேதிகள். அப்புறம் எண்கள், நீள நீளமான எண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நாளும் நேரமும். சிலவற்றுக்கு மட்டும் ஒரு காரணம். கடைசியில் ஒரு கையொப்பம். எந்த இணையதளத்தின் பெயரும் அதில் இல்லை, எந்த மனிதரின் பெயரும் இல்லை. காலாவதித் தேதி வருமுன்னே செல்லாது என்று அறிவிக்கப்பட்ட சான்றிதழ்களின் வரிசை எண்கள், அவ்வளவுதான்.

இந்த வறட்டுப் பட்டியலுக்கு வயது 35க்கு மேல். இதை ஒழித்துக்கட்டலாமா என்று கேட்டுக் கட்டுரை எழுதியவர்களில் பொதுச்சாவி மறையீட்டின் தந்தையருள் ஒருவரே உண்டு. உலாவிகள் இதைப் பார்ப்பதையே நிறுத்தின. இதற்கு மாற்றாக வந்த நெறிமுறை கால் நூற்றாண்டு ஓடிவிட்டு, இன்று தானே ஓரங்கட்டப்படுகிறது; பட்டியலோ மறுபடி கட்டாயமாகிவிட்டது. இத்தனை அலைக்கழிப்புக்கும் காரணம் அது பிறந்த வீட்டில் இருக்கிறது. அந்த வீடு கட்டப்படவே இல்லை.

1976 நவம்பரில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுச்சாவி மறையீட்டை அறிவித்தபோது ஒரு நடைமுறைக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டி இருந்தது. ஒருவருடைய பொதுச்சாவி இன்னதுதான் என்று மற்றவர் எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோருடைய சாவியும் பதிவான ஒரு பொதுக் கோப்பை வைத்துக்கொள்ளலாம், வேண்டியவர்கள் அதில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஏட்டில் சரி. ஆனால் ஒவ்வொரு தடவை பேசுவதற்கு முன்னும் அந்தக் கோப்பிடம் போய்க் கேட்க வேண்டும். கோப்பு படுத்துவிட்டால் ஊரே ஊமை.

எம்ஐடியில் இளங்கலை மாணவராக இருந்த லோரன் கோன்ஃபெல்டருக்கு இது உறுத்தியது. 1978 மே மாதம், ஆர்எஸ்ஏ மறையீட்டு முறையை உருவாக்கிய மூவரில் ஒருவரான லியோனார்ட் ஏடில்மனின் மேற்பார்வையில் அவர் கொடுத்த பட்ட ஆய்வேட்டில் ஒரு எளிய வழி இருந்தது. கோப்பை வைத்திருப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் சாவியையும் ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டு அவரவரிடமே கொடுத்துவிடட்டும். சீட்டை யார் நீட்டினாலும் கையொப்பத்தைச் சரிபார்த்தால் போதும். கோப்பிடம் போகவே வேண்டாம். டிஜிட்டல் சான்றிதழ் பிறந்தது அப்போதுதான்.

யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதுதான் சான்றிதழின் முழு லாபம். வில்லங்கமும் அதிலேயே இருக்கிறது. கொடுத்த சீட்டை எப்படித் திரும்ப வாங்குவது? ரகசியச்சாவி களவு போனால், வேலையை விட்டு ஒருவர் போய்விட்டால், தவறான ஆளுக்குச் சீட்டு கொடுத்துவிட்டால், காகிதச் சான்றிதழாக இருந்தால் பிடுங்கிக் கிழிக்கலாம். இது எண்களால் ஆன பொருள், ஆயிரம் பிரதிகள் எங்கெங்கோ இருக்கும். கையொப்பமோ கணிதப்படி என்றைக்கும் சரியாகவே இருக்கும். அப்படியானால் சீட்டைப் பார்க்கிறவர் மறுபடி யாரிடமாவது கேட்டாக வேண்டும். எதைத் தவிர்க்கச் சான்றிதழ் வந்ததோ அது பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரத்து முறையும், எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது, யார் கேட்பது என்ற பேரம்தான்.

கையில் தயாராக ஒரு முன்மாதிரி இருந்தது. அமெரிக்காவில் கடன் அட்டைகள் பரவிய 1960களில், களவு போன, ரத்தான அட்டைகளின் எண்களைச் சிறு புத்தகமாக அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். கல்லாவில் இருப்பவர் அட்டையின் எண் அதில் இருக்கிறதா என்று பொடி எழுத்தில் தேடுவார். அடுத்த புத்தகம் வருவதற்குள் திருடியவர் வேண்டியதை வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்தில் விசாவாகப் பெயர் மாறிய பாங்க்அமெரிகார்ட் அமைப்பு 1973இல் பேஸ் 1 என்ற கணினி வலையமைப்பைத் தொடங்கி, அட்டையை அந்த நேரத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும் வழிக்குப் போனது. அட்டைக்காரர்கள் கைகழுவத் தொடங்கிய முறையைத்தான் 15 ஆண்டு கழித்துச் சான்றிதழ்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நியூசிலாந்தின் பீட்டர் கட்மன் போன்றவர்கள் பிற்பாடு கேலி செய்தார்கள். கேலி நியாயமானதுதான், ஆனால் முழு நியாயம் இல்லை. 1988இல் உலகத்தில் எங்கிருந்தும் எந்நேரமும் கேட்டுப் பதில் வாங்கலாம் என்று யாரும் நம்பியிருக்க முடியாது.

அந்த 1988இல்தான் பட்டியல் எழுத்தில் பிறந்தது. ஜெனீவாவில் இருந்த சிசிஐடிடி, அதாவது உலகத் தொலைபேசி, தந்தி நிர்வாகங்களின் தரநிர்ணய அமைப்பு, எக்ஸ்.500 என்ற வரிசையில் ஓர் உலக மின்னடைவைத் திட்டமிட்டது. நாடு, அதன் கீழ் நிறுவனம், அதன் கீழ் பிரிவு, அதன் கீழ் ஆள் என்று கிளை பிரியும் மரம். உலகத்தில் யாரையும் எதையும் அதில் தேடி எடுக்கலாம். அந்த அடைவில் நுழைபவர் யார் என்று உறுதிசெய்ய எழுதப்பட்ட பகுதியே எக்ஸ்.509. இன்று இணையத்தின் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழ் வடிவம் அதுதான்; இணையத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதே அல்ல.

டெர்மினலில் முதன்முறையாகச் சான்றிதழ்க் கோரிக்கை தயாரிக்கிற எவரும் ஒரு கணம் திகைப்பார்கள். இணையதளத்துக்குப் பூட்டு போடத்தானே வந்தோம், எந்த நாடு, எந்த மாநிலம், எந்த ஊர், எந்த நிறுவனம், எந்தப் பிரிவு என்று இது ஏன் வரிசையாக விசாரிக்கிறது? கேட்பது எக்ஸ்.500 மரம். மரம் பட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது, விசாரணை மட்டும் நிற்கவில்லை.

ரத்துப் பட்டியலும் அந்த மரத்தில் தொங்குவதாகத்தான் உத்தேசம். சான்றிதழ் அளிக்கும் அதிகாரிக்கு அடைவில் ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவின் ஒரு பண்பாக ரத்துப் பட்டியல் இருக்கும். சாதாரணச் சான்றிதழ்களுக்கு ஒன்று, மற்ற அதிகாரிகளின் சான்றிதழ்களுக்கு இன்னொன்று. ஆகவே பட்டியல் எங்கே கிடைக்கும் என்று சான்றிதழில் எழுதிவைக்க வேண்டிய அவசியமே யாருக்கும் தோன்றவில்லை. அளித்தவர் பெயர் சான்றிதழில் இருக்கிறது, அந்தப் பெயரே அடைவில் இடம். வேறு முகவரி எதற்கு?

உலக அடைவு வரவில்லை. தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் சேர்ந்து கட்ட வேண்டிய அதை யாரும் கட்டவில்லை. அங்கங்கே நிறுவனங்களுக்குள் சில கிளைகள் முளைத்ததோடு சரி. எக்ஸ்.509 மட்டும் பிழைத்துக்கொண்டு வேறு வீடுகளுக்குக் குடிபோனது.

முதலில் போன வீடு மின்னஞ்சல். 1993 பிப்ரவரியில் இணையத்தின் தரக்குழு, அந்தரங்க மின்னஞ்சலுக்கான பெம் என்ற திட்டத்தை நான்கு ஆவணங்களாக வெளியிட்டது. அதில் 1422 என்ற எண்ணுள்ள ஆவணத்தை எழுதியவர் பிபிஎன் நிறுவனத்தின் ஸ்டீபன் கென்ட். அவர் ரத்துப் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. 1988 வடிவத்தில் பட்டியல் எப்போது வெளியானது என்ற தேதி உண்டு; அடுத்தது எப்போது வரும் என்ற தேதி கிடையாது. அப்படியானால் திருடன் பட்டியலைத் திருத்தவே வேண்டாம். தன் சான்றிதழ் ரத்தாவதற்கு முந்தைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருந்தால் போதும். கையொப்பம் செல்லும், பட்டியல் உண்மையானது, ஆனால் பழையது. பழையது என்று கண்டுபிடிக்க வாசிப்பவருக்கு வழியில்லை. கென்ட் ஒரு தேதியைச் சேர்த்தார்: அடுத்த பட்டியல் வரும் நாள். அந்த நாள் தாண்டியும் கையில் இருப்பது பழையதாக இருந்தால் சந்தேகப்படலாம்.

இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த திருத்தம் இதுதான். ஒரே ஒரு புலம், அதோடு பட்டியலின் குணமே மாறிவிட்டது. அதுவரை இன்னின்னது ரத்து என்று சொல்லிக்கொண்டிருந்த ஆவணம், அன்றிலிருந்து என் பேச்சு இன்ன தேதி வரைதான் செல்லும் என்றும் சொல்லத் தொடங்கியது. இன்றைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் அச்சிடும் இரண்டு தேதிகளில் முதலாவதன் பெயர் 1988 வடிவத்தில் இருந்த அதே பெயர். பிந்தைய தரங்கள் அதை மாற்றிவிட்டும் கருவி மாற்றவில்லை. இரண்டாவது 1993இல் வந்து சேர்ந்தது.

பெம் திட்டத்தின் நான்காவது ஆவணம், பர்ட் காலிஸ்கி எழுதியது, பட்டியலுக்கு வீடு இல்லாத பிரச்சினையைத் தன் பாணியில் தீர்த்தது. பட்டியல் வேண்டுமா, மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், மின்னஞ்சலில் வரும். உலகம் முழுக்க ஒரே வேரின் கீழ் அடுக்கடுக்காக அதிகாரிகள் என்ற பெம்மின் கனவு பலிக்கவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஆனால் கோடு போட்டு ஆரம்பம் என்றும், கோடு போட்டு முடிவு என்றும் எழுதி நடுவில் எழுத்துக் குவியலை வைக்கும் அதன் கோப்பு வடிவம் பெம் என்ற பெயரிலேயே எல்லா சர்வர்களிலும் கிடக்கிறது. அதைத் தினமும் கையாளுகிறவர்களில் பலருக்கு அது ஒரு மின்னஞ்சல் திட்டத்தின் மிச்சம் என்று தெரியாது.

இரண்டாவது வீடு உலாவி. 1995இல் நெட்ஸ்கேப் உலாவி, அதன் எஸ்எஸ்எல் நெறிமுறை, சான்றிதழ் விற்கும் வெரிசைன் என்று காரியங்கள் வேகமெடுத்தன. அமெரிக்காவின் அன்றைய சட்டப்படி வலுவான மறையீட்டு மென்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. அதனால் உலகம் முழுக்கப் பயன்பட்ட கருவி ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டது. எரிக் யங், டிம் ஹட்சன் இருவரும் எழுதிய அதன் பெயர் எஸ்எஸ்எல்இஏஒய். வால்பகுதி யங்கின் முதலெழுத்துகள். 1998 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன்எஸ்எஸ்எல். டெர்மினலில் நாம் தட்டும் துணைக்கட்டளைகள் பலவும் அந்த ஆஸ்திரேலியக் கருவியின் சொத்து. பட்டியலை வாசிக்கும் சிஆர்எல் அவற்றில் ஒன்று. பட்டியலை உண்டாக்கும் சிஏ இன்னொன்று.

இந்த சிஏ கட்டளையின் கதை தனி. சான்றிதழ் அதிகாரியின் வேலையை எப்படிச் செய்யலாம் என்று காட்டுகிற உதாரணமாக எழுதப்பட்டதே தவிர, உண்மையான அதிகாரியாக அதை வைத்துப் பிழைப்பு நடத்த அல்ல என்று அதன் கையேடே சொல்கிறது. கோணல் புத்தியுள்ளது, சில நேரம் சிநேகமே காட்டாது என்றும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. இத்தனை நேர்மையான கையேட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டவர் யார்? எத்தனையோ அலுவலகங்களின் உள் சான்றிதழ்களும் விபிஎன் சாவிகளும் இன்றும் அந்த உதாரணத்தின் மேல்தான் நிற்கின்றன. மாதிரி அமைப்புக் கோப்பில் கோப்புறையின் பெயர் டெமோசிஏ என்றே இருக்கிறது. அதை மாற்றாமல் அப்படியே ஓட்டுகிறவர்களும் உண்டு.

ரத்து என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த உதாரணத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வெளியிட்ட ஒவ்வொரு சான்றிதழுக்கும் இண்டெக்ஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் ஒரு வரி. வரியின் முதல் எழுத்து நிலையைச் சொல்லும்: செல்லுபடியாகும் என்றால் வி, காலாவதி என்றால் இ, ரத்து என்றால் ஆர். அடுத்து காலாவதித் தேதி, அதற்கடுத்து ரத்துத் தேதிக்கான காலி இடம், பிறகு வரிசை எண், கடைசியில் பெயர். ரிவோக் என்ற விருப்பத்தோடு கட்டளை இட்டால், வி என்பது ஆர் ஆகும், காலி இடத்தில் தேதி விழும். அவ்வளவே. அந்த நொடியில் உலகத்துக்கு எதுவும் தெரியாது. சான்றிதழ் முன்போலவே எல்லா இடத்திலும் செல்லும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். ரத்து செய்தாயிற்று என்று திரையில் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். ஜென்சிஆர்எல் என்ற இரண்டாவது கட்டளை ஓடினால்தான் ஆர் எழுத்துள்ள வரிகளெல்லாம் திரட்டப்பட்டு, இரண்டு தேதிகள் போடப்பட்டு, அதிகாரியின் சாவியால் கையொப்பமாகி ஒரு பட்டியல் உண்டாகும். அதன் பிறகும் அதை எங்கே வைப்பது, யார் எடுப்பது என்பது கட்டளையின் கவலை இல்லை. உருவாக்குவதும் வினியோகிப்பதும் வேறுவேறு என்று 1988இல் எடுத்த முடிவு இங்கே இரண்டு கட்டளைகளாகவும் ஒரு மௌனமாகவும் நிற்கிறது.

சரிபார்க்கிற பக்கமும் அதே கதைதான். ஒரு சான்றிதழை வெரிஃபை கட்டளையிடம் கொடுத்தால் கையொப்பச் சங்கிலியைப் பார்க்கும், தேதியைப் பார்க்கும், சரி என்று சொல்லும். ரத்துப் பட்டியலை நாமாகச் சொல்லாதவரை பார்க்காது. சிஆர்எல்-செக் என்று கேட்டுக்கொண்டால், பட்டியலை நீயே கொடு என்று 3ஆம் எண் பிழையைத் தரும். பழைய பட்டியலைக் கொடுத்தால் 12ஆம் எண் பிழை, அதாவது பட்டியல் காலாவதி. உண்மையிலேயே ரத்தான சான்றிதழுக்கு 23. இந்த மூன்று எண்களும் தெரிந்திருந்தால் பாதி இரவுகளை மிச்சம் பிடிக்கலாம்.

அடைவு இல்லாத உலகத்தில் பட்டியலுக்கு ஒரு முகவரி வேண்டும் என்பது நிபுணர்களுக்கு 1990களின் நடுவிலேயே புரிந்துவிட்டது. எக்ஸ்.509இன் மூன்றாம் பதிப்பில் சான்றிதழுக்குள் கூடுதல் புலங்கள் வைக்க வழிசெய்தார்கள். அதில் ஒன்று பட்டியல் கிடைக்கும் இடம். 1999 ஜனவரியில் வந்த இணையத் தரம் அதை விவரித்தது. ஆனால் வைத்தால் வைக்கலாம் என்ற அளவில்தான்.

வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டே வருடத்தில் தெரிந்தது. 2001 ஜனவரி 29, 30 தேதிகளில் ஓர் ஆள் தன்னை மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வெரிசைனிடம் மென்பொருளில் கையொப்பமிடும் சான்றிதழ்கள் இரண்டைப் பெற்றுவிட்டார். இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்ற பெயர். அதை வைத்து எந்த நச்சு நிரலிலும் மைக்ரோசாஃப்ட் முத்திரை குத்தலாம். விஷயம் தெரிந்ததும் வெரிசைன் செய்ய வேண்டியதைச் செய்தது: இரண்டையும் ரத்து செய்து பட்டியலில் சேர்த்தது. பட்டியல் ஒழுங்காக வெளியாயிற்று. ஆனால் அந்தச் சான்றிதழ்களில் பட்டியலின் முகவரி எழுதப்பட்டிருக்கவில்லை. உலாவிக்குப் பட்டியலைத் தேடிப் போக வழியே இல்லை. மார்ச் 22ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டு, அந்த இரண்டு எண்களையும் உள்ளூர்ப் பட்டியலாக வைக்கும் ஒரு புதுப்பிப்பை எல்லா விண்டோஸுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கழித்தும், விண்டோஸில் நம்பத்தகாத சான்றிதழ்களின் பெட்டியைத் திறந்தால், இது போலி, மைக்ரோசாஃப்ட் அல்ல என்ற குறிப்போடு அந்த இரண்டும் அங்கேயே இருந்தன.

உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம், உலகின் மிகப் பெரிய சான்றிதழ் நிறுவனம். இருந்தும் ரத்து என்ற சொல் பயனரின் கணினியை எட்ட மென்பொருள் புதுப்பிப்பில் ஏறி வரவேண்டி இருந்தது. பின்னால் வரப்போவதற்கு இது முன்னோட்டம் என்று அப்போது பலர் நினைக்கவில்லை.

முகவரி கிடைத்த பிறகு அடுத்த தொல்லை எடை. 1994இலேயே அமெரிக்க அரசுக்காக மைட்டர் நிறுவனம் செய்த ஆய்வு, பொதுச்சாவிக் கட்டமைப்பை நடத்தும் செலவில் பெரும்பகுதி ரத்துப் பட்டியல் வினியோகமாகவே இருக்கும் என்று எச்சரித்தது. ஆர்எஸ்ஏ மூவரில் இன்னொருவரான ரான் ரிவெஸ்ட், 1998இல் அங்கில்லா தீவில் நடந்த மாநாட்டில், ரத்துப் பட்டியலை ஒழிக்க முடியாதா என்று தலைப்பிலேயே கேட்டார். ஒரு சான்றிதழ் எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் அதை நம்பி ஆபத்தை ஏற்பவர்தான், அதை அளித்தவர் அல்ல என்பது அவர் வாதம். சந்தேகமென்றால் இன்றைய தேதியில் புதுச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். அப்போது அது கிறுக்குத்தனமாகப் பட்டிருக்கலாம்.

1999 ஜூனில் வேறொரு வழி வந்தது. பட்டியல் முழுவதையும் இறக்காமல், இந்த ஒரு எண் செல்லுமா என்று அதிகாரியின் சர்வரிடம் கேட்கும் ஓசிஎஸ்பி. சுற்றிச் சுற்றி டிஃபி, ஹெல்மன் சொன்ன பொதுக் கோப்புக்கே வந்து சேர்ந்த மாதிரிதான். கோப்புக்கு இருந்த நோய்களும் கூடவே வந்தன. பதில் வராவிட்டால் என்ன செய்வது? பக்கத்தைத் திறக்காமல் விட்டால் பயனர் திட்டுவார். திறந்துவிட்டால், நடுவில் இருக்கும் திருடன் அந்தக் கேள்வியை மட்டும் மறித்துக் காரியம் சாதிப்பான். உலாவிகள் திறந்துவிடும் பக்கமே சாய்ந்தன. போதாக்குறைக்கு, யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது சான்றிதழ் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. 2012இல் கூகுள் குரோம் இந்த நேரடிக் கேள்விகளைக் கைவிட்டு, முக்கியமான ரத்துகளை மட்டும் திரட்டித் தானே உலாவிகளுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு மாறியது.

பட்டியலால் எந்நாளும் தீர்க்க முடியாத ஒன்று இதற்கு முந்தைய ஆண்டில் வெளிப்பட்டது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் உட்படப் பல பெயர்களில் 500க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ரத்து செய்ய வரிசை எண் வேண்டும். எந்தெந்த எண்களில் சான்றிதழ் வெளியேறியது என்று அந்த நிறுவனத்துக்கே முழுக் கணக்கு இல்லை. தெரியாத எண்ணைப் பட்டியலில் எழுத முடியாது. உலாவிகள் அந்த நிறுவனத்தையே நம்பிக்கையிலிருந்து தூக்கின. செப்டம்பரில் அது திவாலானது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2014 ஜூலை தொடக்கத்தில், நம் அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுளின் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகி இருப்பது தெரிந்தது. சான்றளிப்போரின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் ஜூலை 3ஆம் தேதி அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தது. குரோம் அதைப் பட்டியலில் படிக்கக் காத்திருக்கவில்லை. தன் தனி வழியில் உடனே அனுப்பிவிட்டது. நம் ஊரில் ஆடிட்டர் அலுவலகங்களிலும் டெண்டர் போடுகிறவர்களிடமும் யூஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழும் இதே குடும்பம்தான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 37ஆம் பிரிவு அதை நிறுத்திவைப்பதையும், 38 ரத்து செய்வதையும், 39 அதை வெளியிட்டு அறிவிப்பதையும் பேசுகின்றன. உரியவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் 15 நாளுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. எக்ஸ்.509 காரணக் குறிகளில் 6ஆம் எண், தற்காலிக நிறுத்தம் என்பது, அப்படிப்பட்ட நிலைக்கானது. ஒருமுறை ஏறினால் இறங்க வழியுள்ள ஒரே குறி அதுதான்.

எடை பற்றிய மைட்டரின் எச்சரிக்கைக்கு 2014 ஏப்ரலில் கண்ணெதிரே நிரூபணம் கிடைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை 7ஆம் தேதி வெளிவந்தது. சர்வர்களின் ரகசியச்சாவியே கசிந்திருக்கலாம் என்பதால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன்னிடமிருந்த சான்றிதழ்களை மொத்தமாக ரத்து செய்தது. அவற்றை அளித்த குளோபல்சைனின் பட்டியல் சுமார் 22 கிலோபைட்டிலிருந்து 4.7 மெகாபைட்டாக ஊதியது. உலகெங்கும் கணினிகள் அதை இறக்கப் பாய்ந்தன. பட்டியலைச் செய்யவும் படிக்கவும் நாம் பயன்படுத்தும் அதே கருவியின் பிழைதான் பட்டியலை இப்படி வீங்கவைத்தது.

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பாராதது. 2022 அக்டோபர் முதல் ஆப்பிளும் மொசில்லாவும் சான்றிதழ் நிறுவனங்களிடம் முழுப் பட்டியல்களின் முகவரியைக் கேட்டு வாங்கத் தொடங்கின. 2024 மார்ச் 15 முதல் உலாவிகளும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் விதிப்படி பட்டியல் கட்டாயம், ஓசிஎஸ்பி விருப்பம். மாதத்துக்குச் சுமார் 34,000 கோடி கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனம், 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி அந்தச் சேவையை மூடிவிட்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டது. வீக்கத்துக்கு மருந்தாக அந்தப் பட்டியல் பல துண்டுகளாகப் பிரித்து வெளியாகிறது. முக்கியமான மாற்றம், படிக்கிறவர் மாறியதுதான். பட்டியல்களை இப்போது உலாவி நிறுவனமே திரட்டுகிறது. மொசில்லா தன் சிஆர்லைட் முறையில் எல்லாவற்றையும் சுருக்கிப் பிழிந்து ஃபயர்பாக்ஸுக்கு அனுப்புகிறது. 2025 ஏப்ரலில் வந்த 137ஆம் பதிப்பிலிருந்து மேசைக்கணினிகளில் அது இயங்குகிறது. பயனர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கூடவே ரிவெஸ்ட் சொன்னதும் வந்துகொண்டிருக்கிறது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளுக்குக் கொண்டுவர 2025இல் முடிவாகிவிட்டது. சில நாள் மட்டுமே வாழும் சான்றிதழுக்கு ரத்து முகவரியே தேவையில்லை என்று விதி அனுமதிக்கிறது.

டெர்மினலில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க நினைப்பவருக்குச் சில வார்த்தைகள். எஸ்-கிளையன்ட் கட்டளையால் ஒரு தளத்தின் சான்றிதழை எடுத்து, எக்ஸ்509 கட்டளையால் விரித்தால் உள்ளே பட்டியலின் முகவரி தெரியும். முகவரி பெரும்பாலும் எச்டிடிபி என்றே தொடங்கும், பாதுகாப்பான எஸ் இருக்காது. அது கவனக்குறைவு இல்லை. பட்டியலை எடுக்கப் போகும் இணைப்பின் சான்றிதழைச் சரிபார்க்க இன்னொரு பட்டியல் வேண்டியிருந்தால் முடிவே இராது. பட்டியல் தானே கையொப்பமுள்ளது என்பதால் திறந்த வழியில் வந்தாலும் கெடுதல் இல்லை. கர்ல் கொண்டு இறக்கினால் கிடைப்பது டெர் என்ற இரும வடிவம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புகள் பெம்மை எதிர்பார்த்து முரண்டுபிடிக்கும், இன்ஃபார்ம் விருப்பத்தில் டெர் என்று சொல்ல வேண்டும். 3ஆம் பதிப்பு தானே புரிந்துகொள்ளும். இன்னொரு பொறி: எக்ஸ்509 விரித்துக் காட்டும்போது வரிசை எண்ணைச் சிறிய எழுத்தில், இரண்டிரண்டாக முக்காற்புள்ளியிட்டுப் பிரித்துக் காட்டும். பட்டியலில் அதே எண் பெரிய எழுத்தில், புள்ளியில்லாமல் இருக்கும். ஒன்றை நகலெடுத்து மற்றதில் கிரெப் செய்தால் ஒன்றும் அகப்படாது, ரத்தாகவில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். சீரியல் விருப்பத்தோடு கேட்டால் இரண்டும் பொருந்தும் வடிவில் வரும். பட்டியலின் கையொப்பத்தையும் சிஏஃபைல் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது. அதைச் செய்யாமல் படிப்பது, யார் எழுதியது என்று பார்க்காமல் மொட்டைக் கடிதத்தை நம்புவது.

உலாவிகள் தங்கள் பட்டியலைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். டெர்மினலில் உட்கார்ந்து இதைக் கையால் செய்ய வேண்டியவர்கள் பெரும்பாலும் அலுவலக விபிஎன் நடத்துகிறவர்கள். 2016 டிசம்பரில் ஓப்பன்விபிஎன் 2.4 வந்தபோது அவர்களில் பலர் கென்டின் இரண்டாவது தேதியை முதன்முறையாகச் சந்தித்தார்கள். அதுவரை அந்த மென்பொருள் பட்டியலைத் தானே படித்தது, காலாவதியைக் கண்டுகொள்ளவில்லை. புதுப் பதிப்பு அந்த வேலையை மறையீட்டு நூலகத்திடம் ஒப்படைத்தது. நூலகம் விதிப்படி நடந்தது. பட்டியலின் அடுத்த தேதி தாண்டியிருந்தால் ரத்தானவர் மட்டுமல்ல, எல்லோருமே வெளியே. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மாதிரி அமைப்பில் பட்டியலின் ஆயுள் 30 நாள். விபிஎன்காரர்கள் சான்றிதழ் தயாரிக்கப் பயன்படுத்தும் ஈஸி-ஆர்எஸ்ஏ கருவியின் 3ஆம் பதிப்பு 180 நாள் தருகிறது. யாரையும் ரத்து செய்யாவிட்டாலும், அந்தக் கெடுவுக்கு முன்னால் ஜென்சிஆர்எல் ஓடிப் புதுப் பட்டியல் சர்வருக்குப் போய்ச் சேரும்படி கிரானில் ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும்.